ரெண்டு வரிசைப் பாட்டு

போதுமணியின் ரசச்சட்டி முதன்முதலாகப் பாடியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அப்போது அதில் ரசம் இல்லை; கழுவி, ஈரம் காயட்டும் என்று மேடையில் மல்லாத்தி வைத்திருந்தாள். சட்டிக்குள்ளிருந்து தபேலாவும், தபேலாவுக்குப் பின்னால் இருபது வயலின்களும், வயலின்களுக்கு நடுவே கிணுகிணுவென்று ஒரு மணியும் வந்தன. கையிலிருந்த துணியை இடுப்பில் செருகிக்கொண்டு சட்டியை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். பாடுகிற சட்டியே ஆனாலும் இடம் மாறிவிட்டால் மாமியார் தேடுவார்.

அதற்குள் டம்ளர்கள் சேர்ந்துகொண்டன, பால்தூக்கு சேர்ந்துகொண்டது, மூலையில் அரிசி போட்டு வைத்திருந்த அண்டா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடிச்சுருதியைப் பிடித்தது. தொட்டிலில் கிடந்த ஏழுமாதப் பிள்ளை காலை உதைத்துச் சிரித்தது. போதுமணி திரும்பி, மர அலமாரியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் நெற்றியில் அதுவரை எரியாத ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெட்டி வேப்பம்பாறைக்கு வந்து அப்போது பதினொரு நாள் ஆகியிருந்தது. போதுமணியின் புருஷன் தவசி, மலைமேல் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன். அங்கே பங்களாவில் தனியாக இருந்த வயசான மேனேஜர், வெளிநாட்டிலிருக்கும் மகளோடு போய்விடுவதென்று வீட்டைக் காலி செய்தபோது, சாமானெல்லாம் ஏற்றி இறக்கிய தவசியைக் கூப்பிட்டு, இதை நீ எடுத்துக்கொள், ஆனால் யாராவது தினமும் ஒருமுறை தொடவேண்டும், தொடாமல் விட்டால் இது ஏங்கிப்போகும் என்று சொல்லிக் கொடுத்தார். தவசி அதை ரேடியோ என்று நினைத்தான். கம்பளியில் சுற்றி முன்சீட்டில் உட்காரவைத்து, நிறைமாதக்காரியைக் கூட்டிவருவதுபோல வளைவு வளைவாக மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தான்.

பெட்டியின் அழகைச் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் தேக்கு நிறத்தில் மரப்பலகை, முகமெல்லாம் சீப்பால் வாரிவிட்டதுபோல மெல்லிய கோடு கோடான வெள்ளி நிறத் தகடு, அதன் நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி. மின்சாரம் கொடுத்தால் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் விடியற்கால வானம் மாதிரி ஒரு நீலப்பச்சை வெளிச்சம் பரவும், அந்த வெளிச்சத்தில் எண்பத்தெட்டிலிருந்து நூற்றெட்டு வரை எண்கள் வரிசையாக மிதக்கும், எண்களின்மேல் ஒரு சிவப்பு முள் நடந்துபோகும். முள்ளை நடத்துகிற திருகு ஒரு கொழுக்கட்டை அளவு, ஆனால் உள்ளே ஏதோ கனத்த சக்கரத்தோடு சேர்ந்திருந்தது. ஒரு சுண்டு சுண்டிக் கையை எடுத்துவிட்டால், முள் தானே வழுக்கிக்கொண்டு கடைசிவரை போய்ப் பூ விழுந்தமாதிரி நிற்கும். ஓரத்தில் தீப்பெட்டி அளவில் இரண்டு கண்ணாடிகள். ஒன்றிலிருந்த முள், ஸ்டேஷன் எவ்வளவு பலமாகக் கிடைக்கிறது என்று எழுந்து காட்டும். மற்றதிலிருந்த முள் நட்டநடுவில் நிற்கவேண்டும். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு நூல் சாய்ந்தாலும் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. தவசி அதைத் தட்டிப் பார்த்தான், தூக்கிப் பார்த்தான், கடைசியில் மைக்செட் சுருளியைக் கூட்டிவந்தான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டுகிற சுருளி, பெட்டியின் பின்பக்கம் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்தான்.

“மாப்ள, இது டியூனர். காத்துல இருக்கிறதைப் பிடிக்கும், அதோட இதோட வேலை முடிஞ்சது. பேசணும்னா ஆம்ப்ளிஃபயர் தனியா வேணும், ஸ்பீக்கர் தனியா வேணும். மீதியெல்லாம் எங்க?”

மீதியில் ஒன்றை மேனேஜர் பங்களாவிலேயே இடி தின்றிருந்தது, ஒன்றைக் கரையான் தின்றிருந்தது. தவசியின் அம்மா வெள்ளத்தாயி, முறத்தில் புடைத்துக்கொண்டே, காது இருக்கு, வாய் இல்ல, எனக்கு மருமகளா வந்திருக்கவேண்டியது பெட்டியா வந்திருக்கு என்றார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் போதுமணிதான்.

ஆனாலும் தினமும் ஒருமுறை அதைத் தொட்டாள். துடைக்கும்போது திருகைச் சுண்டிவிட்டு அந்த முள் ஓடுவதைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்கிற பெட்டி என்றால் பிடிப்பதற்கு ஒரு கை வேண்டாமா என்று, அதோடு வந்திருந்த பட்டையான ஒயரை மொட்டைமாடிக் கொடியில் இரண்டு கையையும் விரித்தமாதிரி கட்டிவிட்டாள். பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, அவள் சுண்டிய சுண்டில் முள் வழுக்கிப்போய் ஓரிடத்தில் நின்றது. ஒரு கண்ணாடியில் முள் எழுந்தது, மறு கண்ணாடியில் முள் நட்டநடுவில் நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டிக்கு வாய் இல்லையே என்று காத்திருக்க முடியாமல், மலைமேல் இருந்த ரேடியோ ஸ்டேஷனிலிருந்து வந்த பாட்டு ஊர்ப் பாத்திரங்களின் வழியாக வெளியே வந்துவிட்டது.

ஆமாம், ஊர்ப் பாத்திரங்கள்தான். அவள் வாசலுக்கு வந்தபோது மேலவரிசை முழுக்க எல்லா வீட்டிலும் தபேலாவும் வயலினும் கேட்டன. எதிரே கீழவரிசையில் எல்லா வீட்டிலும் ஒரு பெண்குரல் பாடிக்கொண்டிருந்தது, பக்கவாத்தியமே இல்லாமல், குளத்தங்கரையில் தனியாக நின்று பாடுவதுபோல. இங்கே மேளம், அங்கே பாட்டு. நடுவில் மண்ரோடு.

அந்தத் தெருவைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு விளங்காது. வேப்பம்பாறையில் இருப்பதே அந்த ஒரு தெருதான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், முளைப்பாரி எடுக்கும்போது எந்த வரிசை முன்னால் போவது என்று சண்டை வந்தது. அன்றைக்கு மேலவரிசையும் கீழவரிசையும் பேச்சை விட்டன. கொடுப்பது இல்லை, எடுப்பது இல்லை, ஒரு கை உப்பு கேட்பதில்லை. போதுமணி கீழவரிசைப் பெண். தன் வீட்டு வாசலிலிருந்து நேர் எதிரே தவசி வீட்டு வாசலுக்குப் பதினாறு தப்படி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அந்தப் பதினாறு தப்படியை அவள் நடந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் அம்மா ஒச்சம்மாள் அவளோடு பேசவில்லை. புருஷன் இல்லாத, வேறு பிள்ளையும் இல்லாத ஒச்சம்மாள், நாலு ஆடுகளோடு எதிர்வீட்டில் இருந்தார். விடிந்ததும் அம்மா அந்த வாசலிலும் மகள் இந்த வாசலிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் தெளித்து, ஒரே நேரத்தில் குனிந்து கோலம் போட்டார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளை பிறந்து ஏழு மாதமாகியும் ஒச்சம்மாள் அதைத் தூக்கவில்லை. போதுமணி எதற்கும் அழுகிறவள் இல்லை. சிரித்துக்கொண்டே எல்லா வேலையும் பார்ப்பாள். ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டதும், ஒரு காரணமும் இல்லாமல் வாசலில் வந்து, முகம் எதிர்வீட்டைப் பார்த்திருக்கும்படி அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பாள்.

ஊருக்கு, பாடுகிற பாத்திரங்களோடு பழகிக்கொள்ள ஒரு வாரம்தான் ஆனது. பித்தளைக்கு இனிப்பு அதிகம், எவர்சில்வருக்குக் கூர்மை அதிகம், அலுமினியம் மென்று மென்று முழுங்கும், பிளாஸ்டிக் குடத்துக்கு வாயே கிடையாது என்று பெண்கள் கண்டுபிடித்தார்கள். சத்தம் குறையவேண்டுமானால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினார்கள், அரைக்குடம் ஊற்றினால் அரைச்சத்தம். குக்கருக்குள்ளிருந்து வருகிற பாட்டு அடுத்த ஊர் ரேடியோ மாதிரி கேட்டதால் மூடியைத் திறந்து வைத்தார்கள். கறவைக்காரர் வாளி தாளம் போட்டபோது கொம்பு வீசுகிற மாடுகூட ஒழுங்காக நின்று பால் விட்டது. கீழவரிசையில் ஒரு சாவு விழுந்தபோது, யாரும் சொல்லாமலே இரண்டு வரிசையிலும் எல்லாப் பாத்திரத்தையும் கவிழ்த்துப் போட்டார்கள்; பாட்டு நின்றது; மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகுதான் நிமிர்த்தினார்கள். ஒருநாள் போதுமணி துடைக்கும்போது, ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கிற இரைச்சலை மறைக்கிற பொத்தானைத் தெரியாமல் தட்டிவிட்டாள். உடனே எல்லா வீட்டுப் பாத்திரத்திலும் சோவென்று மழை இரைந்தது, கோழிகள் கூட்டுக்கு ஓடின, சனங்கள் காயவைத்த மிளகாயை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அதையும் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

செய்தி வாசிக்கிறவர் மட்டும் இரண்டு வரிசைக்கும் முழுசாக வந்தார். பாட்டுத்தான் பாதி பாதி. அது ஏன் என்று சுருளி ஒரு சாயங்காலம் நடுரோட்டில் நின்று விளக்கினான்: பெட்டி ஸ்டீரியோப் பெட்டி, இடக்காதுக்கு ஒரு பாதி, வலக்காதுக்கு ஒரு பாதி என்று பாட்டை ரெண்டாகப் பிரித்துத் தரும், பிரிக்கும்போதுதான் அந்தச் சிவப்பு விளக்கு எரியும். மேலவரிசை ஒரு காது, கீழவரிசை மறுகாது. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று பேச்சை நிறுத்தினான். அவன் நின்ற இடம் தெருவின் நட்டநடு. அங்கே குரலும் மேளமும் வயலினும் ஒன்றாகச் சேர்ந்து, இந்தப் பக்கம் மணி, அந்தப் பக்கம் புல்லாங்குழல், நெற்றிக்கு நேரே காற்றில் ஒருத்தி நின்று பாடுவதுபோல, கைநீட்டினால் அவள் முந்தானை தட்டுப்படும்போல இருந்தது. முப்பது வருஷம் குழாய் கட்டின சுருளி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதன்பிறகு சாயங்காலம் ஆறரை மணிப் பழைய பாட்டுக்கு ஊரே தெருவுக்கு வந்தது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் ஆகையால் மேலவரிசை தன் பாதியில் நின்றது, கீழவரிசை தன் பாதியில் நின்றது, நடுவில் இரண்டு ஆள் படுக்கும் அளவு மண் சும்மா கிடந்தது. ஆனால் முழுப்பாட்டு அந்தச் சும்மா கிடந்த மண்ணின்மேல்தானே நின்றது. நாளுக்கு நாள் சனங்கள் அதை நோக்கி ஒரு விரற்கடை, ஒரு சாண் என்று நகர்ந்தார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உலை வைத்த வீட்டில் சோறு குழைந்தது. பாட்டு முடிந்து கலையும்போது, கோயிலிலிருந்து வருகிறவர்கள் மாதிரி மெதுவாக நடந்தார்கள்.

போதுமணி பாட்டைக் கேட்டாளோ இல்லையோ, தப்படியை எண்ணினாள். முதல் நாள் ஒச்சம்மாள் நிலைப்படியில் நின்றார். ஆடி முடிவதற்குள் தண்ணீர்க் குழாய்வரை வந்தார், அது மூன்றாம் தப்படி. ஆவணியில் மின்கம்பம், அது ஐந்து. கம்பத்தில் தோள் சாய்த்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டார். கண் மட்டும் எதிரே மகள் இடுப்பிலிருக்கிற பிள்ளைமேல் இருந்தது. புரட்டாசி நடுவில் ஏழாம் தப்படி. எட்டு வந்தால் நடுரோடு. போதுமணியும் தன் பக்கத்திலிருந்து ஏழில்தான் நின்றாள். தான் எட்டுக்குப் போனால் அம்மா திரும்பி ஆறுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிறமாதிரி அசையாமல் நிற்கவேண்டும்.

ஐப்பசியில் மேகம் இறங்கியது. மலை மறைந்தது, ஸ்டேஷன் தேய்ந்தது, பலம் காட்டுகிற முள் பாதிக்குமேல் எழ மறுத்தது. பாத்திரங்களில் பாட்டோடு சேர்ந்து பொரி வறுக்கிற சத்தமும் வந்தது. போதாக்குறைக்கு மழை, தெருவில் நின்று கேட்க முடியவில்லை, வீட்டுக்குள் இருந்தால் பாதிப்பாட்டு. சுருளியைக் கூப்பிட்டார்கள். அவன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, திருகுக்குக் கீழே வரிசையாக இருந்த பொத்தான்களில் ஒன்றைக் காட்டினான். இதை மோனோவில் போட்டால் போதும். ரெண்டாகப் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் பலம் அதிகம் வேண்டும். ஒன்றாகவே விட்டுவிட்டால் இரைச்சல் அடங்கும், எல்லா வீட்டுக்கும் முழுப்பாட்டும் போகும், யாரும் நனையவேண்டாம் என்றான். போடவா என்று விரலை நீட்டியவனின் கையைப் போதுமணி பிடித்துக்கொண்டாள்.

சேதி தெருவெல்லாம் பரவி, அன்று மாலையே இரண்டு வரிசைப் பெரிய மனுஷர்களும் அவள் வாசலில் வந்து நின்றார்கள். முளைப்பாரிச் சண்டைக்குப் பிறகு இரண்டு வரிசையும் சேர்ந்து கேட்ட ஒரே காரியம் இதுதான். போதுமணி முதல் நாள் பிள்ளைக்குச் சளி என்றாள். இரண்டாம் நாள் பொத்தான் இறுகிக்கிடக்கிறது, எண்ணெய் போட்டிருக்கிறேன் என்றாள். மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை பாட ஆரம்பித்ததை வெள்ளிக்கிழமை தொடக்கூடாது என்றாள். அவர்கள் போனதும் தவசி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இத்தனை பேர் கேட்கிறார்களே, உனக்கு என்ன வந்தது என்று கேட்டான்.

“பாட்டு ரெண்டா வர்றதுனாலதான் எங்கம்மா வீட்டவிட்டு வெளிய வருது,” என்றாள் போதுமணி. “முழுசா உள்ளயே கேட்டுதுன்னா, அது எதுக்கு வரும்? இன்னும் ஒரே ஒரு தப்படிதான் இருக்கு.”

 தவசி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

மறுநாள் போதுமணி மேலவரிசைக் கடைசி வீட்டுச் சடைச்சி சித்திக்குக் கஞ்சி கொண்டுபோனாள். அவர் மாவாட்டும்போது வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, ஆடியிலிருந்து கட்டிலோடு கிடப்பவர். போதுமணி தலையணையைச் சரிசெய்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்த எச்சில் பணிக்கம் டம்டம் என்று தாளம் போட்டது, அலமாரித் தூக்குவாளி டம்டம் என்றது, பூஜை மணியும் அதையே சொன்னது.

“பெட்டிக்காரி, உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன்,” என்றார் சடைச்சி. “தெருவுல குரல் கேக்குதாம்ல, பாட்டெல்லாம் வருதாம்ல. எனக்கு மூணு மாசமா இந்தக் கொட்டுதான். ராவாப் பகலாக் கொட்டு. நான் என்ன சாமியாடியாடி?”

போதுமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சடைச்சியும் சிரித்தார், சிரித்தால் இடுப்பு வலிக்கும் என்பதால் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பாடுகிற பொம்பளைக்கு என்ன வயசு இருக்கும் குரலை வைத்துச் சொல்லு என்று கேட்டார். போதுமணி கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீடுவரை வந்தாள். அந்தக் கிண்ணமும் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே வந்தது.

அன்று ஆறரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது, யாரையும் கூப்பிடாமல், பெட்டியின் முன்னால் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் நீலப்பச்சை வெளிச்சம் எப்போதும்போல அழகாக இருந்தது. நடுவில் நிற்கவேண்டிய முள் நடுவில் நின்றது. பொத்தானை அமுக்கினாள், அதற்கு எண்ணெய் தேவைப்படவே இல்லை, டக்கென்று உள்ளே போனது. சிவப்பு விளக்கு அணைந்தது.

இரைச்சல் முதலில் போயிற்று, ஊர்மேல் போர்த்தியிருந்த சாக்கை யாரோ உருவியமாதிரி. அப்புறம் பாட்டு வந்தது. குரலும் மேளமும் வயலினும் குழலும் மணியும் பிரியாமல் ஒன்றாக, ரசச்சட்டியிலிருந்து முழுசாக, டம்ளரிலிருந்து முழுசாக, எதிர்வரிசையிலிருந்து முழுசாக, கடைசி வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து முழுசாக. வெள்ளத்தாயி முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். சடைச்சி வீட்டுப் பக்கமிருந்து, ஆத்தாடி இவ சின்னப்பிள்ளைடி என்று ஒரு கூப்பாடு கேட்டது. சந்தோஷத்தில் சில வீடுகளில் விளக்கைப் போட்டார்கள். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு, அவரவர் அடுப்படியில் அவரவர் பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

தெரு காலியாகிவிட்டது. போதுமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சாரல் நின்றிருந்தது, மண்ரோட்டில் மூன்று மாதக் காலடிகள் ஈரத்தில் ஊறிக் கலைந்துகொண்டிருந்தன. இனி யாரும் அங்கே வந்து நிற்கவேண்டிய தேவை இல்லை. எதிர்வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அதற்குள் பாட்டு நன்றாகக் கேட்டது, மற்ற எல்லா வீட்டையும்விட நன்றாக. ஒச்சம்மாள் வைத்திருப்பதெல்லாம் சீதனமாக வந்த பழைய பித்தளை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டு பாதிவரை போயிற்று. பிள்ளைக்குப் பசி வந்து முந்தானையை இழுத்தது. போதுமணி உள்ளே போகத் திரும்பினாள்.

எதிர்க்கதவு திறந்தது.

ஒச்சம்மாள் இரண்டு கையாலும் ஒரு பித்தளைப் பானையை அணைத்துக்கொண்டு படியிறங்கினார். தண்ணீர்க் குழாயைத் தாண்டினார். மின்கம்பத்தைத் தாண்டினார். ஏழாம் தப்படியில் நிற்கவில்லை, எட்டிலும் நிற்கவில்லை. பானை அவர் நெஞ்சோடு சேர்ந்து கணீர் கணீரென்று பாடிக்கொண்டு வந்தது, அந்தச் சத்தத்துக்குக் கீழவரிசை மேலவரிசை இரண்டிலும் சன்னல்கள் திறந்தன. பதினாறையும் நடந்து வந்து, மகள் வாசலில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கமாக எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

“எங்க வீட்டுப் பானை எதுவும் பாடமாட்டேங்குது. என்னன்னு பாரு.”

பானை அப்போதுதான் பல்லவிக்குத் திரும்பியிருந்தது. தெருவெல்லாம் கேட்டது. வாசற்படிக்கு வந்துவிட்ட வெள்ளத்தாயிக்கும் கேட்டது. அவர் நகர்ந்து வழிவிட்டார்.

போதுமணி பிள்ளையை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பானையை வாங்கிக்கொண்டாள். தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்து, பக்கவாட்டில் தட்டிப் பார்த்தாள். காதில் வைத்துக் கேட்டாள். அவள் கன்னம் நனைந்திருந்தது, அதைப் பானையின் வயிற்றிலேயே துடைத்துக்கொண்டாள்.

“ஆமாம்மா, உள்ள என்னமோ அடச்சிருக்கு,” என்றாள். “சரியாகுறதுக்கு ரொம்ப நாளாகும். தினமும் கொண்டுவரணும்.”

“கொண்டாரேன்,” என்றார் ஒச்சம்மாள். பிள்ளை அவர் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டிருந்தது.